விசிறி தந்த அம்மச்சிக்கும், மற்ற எல்லாருக்கும்

எங்கள் வீட்டில் நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பு இல்லை. என் வீட்டுக்காரி இறந்து வருஷம் திரும்பியும் நான் கோயில் நடை மிதிக்கவில்லை; வீட்டில் விளக்கு கொளுத்தியதும் பிள்ளைகள்தான். அப்படிக் கிடந்தவன் இந்த சிவராத்திரிக்கு குமரி மாவட்டத்துச் சிவன் கோயில்கள் 12-க்கும் ஓடியே போய்க் கும்பிடுகிற சாலய ஓட்டம் (சிவாலய ஓட்டம்) ஓடி முடித்துவிட்டு இதை எழுதுகிறேன். கால் வீக்கம் இன்னும் வடியவில்லை.

மாலை போட்டது அம்மா சொன்னதற்காக. முதல் கோயிலான முன்சிறை திருமலையில் கிளம்பும்போது எல்லாரும் ‘கோவிந்தா, கோபாலா’ என்று விளிக்க, எனக்கு வாய் வரவில்லை. திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை என்று போகிற இடமெல்லாம் முங்கிக் குளித்து, ஈரத்துணியோடு நடையில் நின்று, கையிலிருந்த விசிறியால் சாமிக்கு வீசிவிட்டு வந்தேன். கேட்க ஒன்றும் இல்லை. கேட்க வேண்டியதெல்லாம் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கேட்டு முடித்திருந்தேன்.

பொன்மனை தாண்டி பன்னிப்பாகம் போகும் வழியில், கூட்ட நெருக்கத்தில் என் விசிறியின் காம்பு ஒடிந்துவிட்டது. ரோட்டோரம் ஒரு வீட்டு முற்றத்தில் அண்டா நிறையச் சுக்குநீர் வைத்து ஓடுகிறவர்களுக்கு ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார் ஒரு அம்மச்சி. கழுத்தில் ஜெபமாலை. என் கையைப் பார்த்து, “விசிறி இல்லாம எப்பிடி மக்கா போவே?” என்று உள்ளே போய், ஓரத்துக்குச் சிவப்புத் துணி வைத்துத் தைத்த பழைய பனையோலை விசிறி ஒன்றைக் கொண்டுவந்தார். கைபட்டுக் கைபட்டு அதன் காம்பு கறுத்து வழவழவென்று இருந்தது. படுக்கையில் கிடக்கும் மகளுக்கு, கரண்ட் போனால் வீசுகிற விசிறியாம். “எனக்க மவளுக்கும் சேத்து ஒரு வீச்சு வீசிரு மக்கா” என்றார்.

பன்னிப்பாகத்தில் அந்த விசிறியை எடுத்து வீசினபோது வாய் தானாகத் திறந்தது. “ஆண்டவனே, அந்தப் பிள்ளையைப் பாத்துக்கோ.” எனக்கென்று ஒரு வார்த்தை கேட்க முடியாதவனுக்கு, முன்பின் தெரியாத ஒருத்திக்காகக் கேட்க முடிந்தது. கல்குளத்திலும் கேட்டேன். திருவிதாங்கோட்டில் கேட்டபோது என் வீட்டுக்காரியின் பேரும் கூடவே வந்துவிட்டது. அங்கே நின்று அழுதேன். நட்டாலம் போய்ச் சேரும்போது எல்லாரையும்விட உரக்க விளித்தது நான்தான் என்று கூட ஓடிய தம்பிமார் சொல்கிறார்கள்.

சந்தேகம் முழுக்கத் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஏன் அவளை எடுத்துக்கொண்டாய் என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. முன்பு சுவரைப் பார்த்துக் கேட்டதை இப்போது அவனிடமே கேட்கிறேன்.

ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரியில் ராத்திரியோடு ராத்திரியாக ரத்தம் கொடுக்க வந்த பிள்ளைகள், வாடகை வாங்காமல் வண்டி ஓட்டிய தக்கலை பாய், பதினாறு வரைக்கும் எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவிடாமல் சோறு கொண்டுவந்த அயல்வீட்டுக்காரர்கள், என் மக்களைத் தன் பிள்ளைகள் மாதிரிப் பார்த்துக்கொண்ட டீச்சர், “வரத் தோணும்போது வா” என்று மட்டும் சொல்லி விட்டுவிட்ட எங்கள் கோயில் போற்றி (பூசாரி), உங்கள் எல்லாரையும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

காலில் பலம் இருக்கும்வரை வருஷாவருஷம் ஓடுவேன். யாருக்காவது ஒரு வீச்சு வீச வேண்டுமென்றால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள், எந்த மதமானாலும்.

விசிறியைத் திருப்பிக் கொடுக்க ஞாயிற்றுக்கிழமை பொன்மனைப் பக்கம் போகிறேன். ஓட்டத்தில் வீட்டை அடையாளம் வைக்க முடியவில்லை. அந்த அம்மச்சியைத் தெரிந்தவர்கள் இருந்தால், நான் வருவதாகச் சொல்லி வையுங்கள். மகளின் பேரையும் கேட்டு வையுங்கள்.