வெள்ளிக்கிழமை வரலாற்று வகுப்பு: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் பருவம் நல்லபடியாக முடிந்தது. அரையாண்டு விடைத்தாள்களைப் பிள்ளைகளிடம் கொடுத்திருக்கிறோம். பார்த்துக் கையெழுத்திட்டு அனுப்புங்கள். விளையாட்டு விழாவிலும் அறிவியல் கண்காட்சியிலும் பரிசு வாங்கியவர்களுக்கு வாழ்த்துகள். நூலகத்துக்குப் புதிய புத்தகங்கள் வந்திருக்கின்றன.

அப்புறம், வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை பற்றி உங்களிடம் கொஞ்சம் பேச வேண்டும்.

ஏழாம், எட்டாம் வகுப்புகளுக்கு அந்த வேளையில் வரலாற்றை ஆட்டத்தோடும் பாட்டோடும் நடத்துகிறோம். அதிலிருந்து விலக்குக் கேட்டு இந்தப் பருவத்தில் பல கடிதங்கள் வந்தன. டியூஷனுக்கு நேரமாகிறது, பையன் ஆட மாட்டான், பாடத்தை மட்டும் நடத்தினால் போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். மதிப்பெண் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. ஆனால் அங்கே நடப்பதும் பாடம்தான்.

ஏழாம் வகுப்பில் சோழர் பாடம். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல்தளத்தில் 108 கரணங்களை, அதாவது நடன நிலைகளைச் செதுக்கத் தொடங்கி, 81-உடன் நிறுத்தியிருக்கிறார்கள். மீதிக் கற்கள் வெறுமையாக நிற்கின்றன. அவற்றில் சில நிலைகளைப் படம் பார்த்துப் பிள்ளைகள் நின்று பார்க்கிறார்கள். ஒற்றைக் காலில் தள்ளாடும்போது, இதையெல்லாம் யார் ஆடியிருப்பார்கள் என்ற கேள்வி தானாக வருகிறது. ஆசிரியர் அங்கிருந்து கல்வெட்டுக்குப் போகிறார். பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயிலில் ஆடும் பெண்களை, இராசராசன் தஞ்சையில் குடியமர்த்தியதும், அவர்கள் பெயர்களும், ஆளுக்கு ஒரு வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் கொடுத்ததும் அதில் இருக்கின்றன. "வர மாட்டேன்னு அவங்க சொல்லியிருக்க முடியுமா?" என்று ஒரு மாணவி கேட்டாள். அவ்வளவு நெல் யார் வயலில் விளைந்தது என்று ஒரு மாணவன் கேட்டான். குறிப்பை மனப்பாடம் செய்யும் வகுப்பில் இந்தக் கேள்விகள் என் காதில் விழுந்ததில்லை.

எட்டாம் வகுப்பினர் கட்டபொம்மன் கதையை வில்லுப்பாட்டாகப் பாடுகிறார்கள். 1798-இல் இராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனைச் சந்தித்தது முதல் 1799-இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டது வரை, நாட்டுப்புறப் பாடல் சொல்வதையும் பாடநூல் சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். பாடியவர்கள் எதைக் கூட்டினார்கள், எதை விட்டார்கள், ஏன் என்று விவாதிக்கிறார்கள். சான்றை எடைபோடும் பழக்கம் இப்படித்தான் வருகிறது.

சரி, இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த வகுப்பில் பறையும் அடிக்கிறோம். சில கடிதங்களில் "எங்கள் பிள்ளை பறையைத் தொடக் கூடாது" என்று இருந்தது. காரணம் எழுதவில்லை. எழுதாவிட்டாலும் எனக்குப் புரிகிறது. அந்தக் கோரிக்கையை நான் ஏற்க மாட்டேன். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை என்று நிலத்தின் கருப்பொருள்களை அடுக்கும் தொல்காப்பியம், அந்த வரிசையிலேயே பறையையும் வைக்கிறது. குறிஞ்சிக்குத் தொண்டகம், பாலைக்குத் துடி என ஒவ்வொரு திணைக்கும் ஒரு பறை உண்டு. சாதியின் பெயரால் ஒரு கருவியை ஒதுக்குவதற்கு இந்தப் பள்ளியில் இடமில்லை. பறை வாசிப்பவரின் பிள்ளையும் அதே வகுப்பில்தான் படிக்கிறது. கடிதத்தில் இருந்த அந்த வரியை அது படித்தால் எப்படி இருக்கும் என்று தயவுசெய்து யோசித்துப் பாருங்கள்.

அடுத்த பருவத்திலிருந்து உடல்நலக் காரணத்துக்கு மட்டுமே விலக்கு உண்டு. ஆடக் கூச்சப்படும் பிள்ளையைக் கட்டாயப்படுத்த மாட்டோம். தாளம் போடலாம், பாட்டுக்கு வரி எழுதலாம், கல்வெட்டு வாசகத்தைப் படித்து விளக்கலாம். வகுப்பில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். டியூஷன் நேரம் இடித்தால் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள், சேர்ந்து ஒரு வழி பார்ப்போம். எந்த வெள்ளிக்கிழமையும் நீங்களே வந்து பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கலாம்.

பழைய சலங்கைகளைத் தேடி எடுத்துக் கொடுத்தவர்களுக்கும், வேலையை விட்டுவிட்டு வந்து பறைக்கு அடி சொல்லிக்கொடுத்த பெற்றோருக்கும், கும்மி மெட்டுகளைப் பாடிக் காட்டிய பாட்டிமார்களுக்கும் என் மனமார்ந்த நன்றி. உங்கள் உதவியால்தான் இந்த வகுப்பு நடக்கிறது. மூன்றாம் பருவத்திலும் வாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்