தளம், ஆப் பராமரிப்பு: சனிக்கிழமைக்குள் பார்த்துவிடுங்கள்

நண்பர்களே, வணக்கம்.

போன வாரம் நம் குழுவில் ஒருவரின் ஆர்டர் தளம் இரவு முழுக்க வேலை செய்யவில்லை. யாரும் ஹேக் செய்யவில்லை. லாக் ஃபைல்கள் (சர்வர் தன் செயல்பாடுகளைக் குறித்து வைக்கும் பதிவுகள்) சேர்ந்து சேர்ந்து சர்வர் டிஸ்க் நிரம்பிவிட்டது. முகப்புப் பக்கம் திறந்தது, ஆனால் ஒரு ஆர்டர்கூட டேட்டாபேஸில் பதிவாகவில்லை. காலையில் வாடிக்கையாளர் சொல்லித்தான் தெரிந்தது. கேட்கவே கஷ்டமாக இருந்தது.

வரும் சனிக்கிழமை மாலை 6 மணிக்கு வீடியோ காலில் இதைப் பேசுவோம். அதற்குள் செய்ய வேண்டியவை:

1. டிஸ்க் 80 சதவீதம் தாண்டினால் உங்கள் போனுக்கு எச்சரிக்கை வரும்படி வையுங்கள்.

2. இதுதான் முக்கியம்: பேக்கப் இருக்கிறது என்றால் போதாது. ஒன்றை எடுத்து வேறு சர்வரில் மீட்டுப் பாருங்கள். எத்தனை நிமிடம் ஆனது, கடைசி ஆர்டர் வரை வந்ததா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

3. டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்), எஸ்எஸ்எல் சான்றிதழ் (தளத்தின் இணைப்பைப் பாதுகாப்பாக வைப்பது) ஆகியவற்றின் காலாவதி தேதிகளைப் பாருங்கள். இலவசச் சான்றிதழ்கள் பெரும்பாலும் 90 நாள்தான். தானாகப் புதுப்பிப்பது நின்றிருந்தால் வெளியே தெரியாது.

4. நள்ளிரவில் தளம் விழுந்தால் யாரை அழைப்பது? ஒருவர், அவர் எடுக்காவிட்டால் இன்னொருவர்.

வெள்ளி இரவுக்குள் "வருகிறேன்" என்றோ, மேலே உள்ள நான்கில் எதில் சிக்கல் என்றோ பதில் போடுங்கள். அப்புறம், பாஸ்வேர்டு எதையும் இங்கே பகிர வேண்டாம்.