தூக்காமல் விட்டதற்கு நன்றி

பூங்கா வேலைக்கு வந்த அண்ணன்கள், அக்காக்கள், தம்பி தங்கைகள் எல்லோருக்கும் வணக்கம்.

கோத்தகிரியில் தையல் கடை வைத்திருப்பவன் நான். உங்களில் பாதிப் பேருக்கு என் பெயர் தெரியாது, "சேர் அண்ணன்" என்றுதான் கூப்பிட்டீர்கள். பரவாயில்லை, எனக்கும் உங்களில் பலரைத் தொப்பியின் நிறத்தை வைத்துத்தான் அடையாளம் தெரியும். நம் பூங்காவுக்குள் சக்கர நாற்காலியில் நானே போய்வரும்படி வேலை செய்து கொடுத்தீர்களே, அதற்கு நேரில் நன்றி சொல்லப் பார்த்தேன். "இதுக்கெல்லாமா அண்ணா" என்று சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

ஒன்றரை வயதில் எனக்குப் போலியோ வந்தது. நம் நாட்டில் இயற்கையான போலியோ கிருமியால் கடைசியாக ஒரு குழந்தைக்கு அது வந்தது 2011இல். 2014இல் போலியோ இல்லாத நாடுகளின் பட்டியலில் இந்தியாவும் சேர்ந்துவிட்டது. அதற்கு ரொம்ப முன்னாலேயே டிக்கெட் வாங்கிவிட்டவன் நான். அதிலும் மலையில் பிறந்த போலியோக்காரனுக்கு ஒரு சிக்கல் கூடுதல். சமவெளியில் வாசலுக்கு இரண்டு படி இருக்கும். இங்கே ரோட்டிலிருந்து வாசலுக்குப் போவதற்கே நாற்பது படி.

ஆகவே தூக்கித்தான் என்னை வளர்த்தார்கள். முதலில் அப்பா தோள், அப்புறம் மாமா முதுகு. உடம்பு கனத்த பிறகு நாற்காலியோடு நான்கு பேர். ஊட்டி தாவரவியல் பூங்கா 1848இல் தொடங்கியது, குன்னூர் சிம்ஸ் பூங்கா 1874இல். இரண்டும் சரிவில் அடுக்கடுக்காக அமைந்தவை. இரண்டின் மேல் அடுக்குகளையும் மாமாவின் முதுகிலிருந்துதான் பார்த்தேன். தூக்கியவர்களைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் தூக்கிச் செல்லப்படுகிறவனுக்கு ஒரு பூவின் முன்னால் நிற்கச் சொல்ல வாய் வராது. அவர்களுக்குத் தோள் வலிக்கும். "போதும், பார்த்துட்டேன்" என்று சொல்லிவிடுவேன். என் வாழ்க்கையில் நான் பார்த்ததாகச் சொன்ன இடங்களில் பாதி இப்படிச் சொன்ன பொய்தான்.

முதல் கூட்டத்தில் நீங்களும் அதையேதான் சொன்னீர்கள், நினைவிருக்கிறதா? "எப்ப வரணும்னாலும் ஒரு போன் போடுங்க, நாலு பேர் வந்து தூக்கிட்டுப் போறோம்." நல்ல மனதுதான். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு கல்லூரித் தங்கை, "அண்ணா, உங்களுக்கு அது பிடிக்குமா?" என்று கேட்டது. நாற்பது வருடமாக யாரும் கேட்காத கேள்வி. "பிடிக்காது" என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. முதல் நன்றி அந்தத் தங்கைக்கு.

அதற்கப்புறம்தான் பூங்கா வாசலின் ஒன்பது படிகளைப் பற்றிப் பேச்சு வந்தது. படி ஒன்று அரை அடி, ஆக மொத்தம் நாலரை அடி உயரம். ஒரு அடி ஏறப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது சாய்தளத்தின் கணக்கு, அப்போதுதான் கையால் சக்கரத்தைத் தள்ளி ஏற முடியும். நாலரை அடிக்கு 54 அடி. மலையில் அவ்வளவு நீளத்துக்கு எங்கே போவது? ஓர் அலுவலகத்தில் எங்களுக்காக ஒரு சாய்தளம் கட்டியிருந்தார்கள். அதில் இறங்கினால் பிள்ளைகள் விளையாடும் சறுக்குமரம்தான், ஏறுவது நடக்காத காரியம். இங்கேயும் அப்படித்தான் முடியும் என்று நினைத்தேன். மேஸ்திரி அண்ணன் ரசமட்டத்தை வைத்துக்கொண்டு ஒரு காலைப்பொழுது முழுக்கச் சரிவைச் சுற்றி வந்தார். கடைசியில் பாதையை இரண்டு இடத்தில் மடக்கி, மடக்குகிற இடத்தில் ஐந்தடிக்கு ஐந்தடி சமதளம் விட்டு, ஒரு சீகை மரத்தைக்கூட வெட்டாமல் 54 அடியையும் அடக்கிவிட்டார். சீகை (வாட்டில்) வெளிநாட்டிலிருந்து வந்த மரம், வெட்டினாலும் பாவமில்லை என்று சிலர் சொன்னார்கள். அது வேறு பஞ்சாயத்து.

முதலில் வடிகால், அப்புறம்தான் சாய்தளம் என்று அவர் பிடித்த பிடிவாதத்துக்கும் நன்றி. நமக்கு ஐப்பசி கார்த்திகை மழைதான் பெரிய மழை. சென்னை மெரினாவில் எங்களைப் போன்றவர்கள் கடலருகே போக 2022 நவம்பரில் 263 மீட்டருக்கு மரப்பாதை போட்டுத் திறந்தார்கள். இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் அதைப் பிய்த்துப்போட்டது, பிறகு சரிசெய்தார்கள். இதைச் சொன்னதும் மேஸ்திரி, "கடலுக்கே அப்படின்னா இந்த ஓடைக்கு எப்படி" என்று மறுபடி இரண்டு நாள் குழி தோண்ட வைத்தார். கை கொப்புளித்த தம்பிகளே, அவரைத் திட்டியது என் காதிலும் விழுந்தது. இந்த மழையில் பாதை அசையவில்லை.

கான்கிரீட் இறுகுவதற்குள் தென்னந்துடைப்பத்தால் குறுக்கே வரி இழுத்த அக்காக்களுக்குத் தனியாகச் சொல்லவேண்டும். நம் ஊரில் வழவழப்பான சிமெண்டில் ஒரே மாதத்தில் பாசி பிடித்துவிடும், சக்கரம் வழுக்கும். அந்த வரிகளில்தான் என் டயர் கடித்துக்கொண்டு ஏறுகிறது.

கேட்டுக்குத்தான் பெரிய சண்டை. காட்டெருமையும் பைக்கும் நுழையக்கூடாது என்று குறுகலாக வளைத்து வைத்திருந்தார்கள். காட்டெருமைக்கு வழியில்லை, சரி. எனக்கும் இல்லை. மூன்றடி அகலக் கதவு, உட்கார்ந்தபடி எட்டுகிற உயரத்தில் கொக்கி என்று வெல்டிங் பட்டறைத் தம்பி முடித்துவைத்தார். பைசா வாங்கவில்லை. கழிப்பறையில் நடந்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். கைப்பிடி, மேல்நாட்டுப் பீங்கான், எல்லாம் பிரமாதம். உள்ளே போனால் கதவைச் சாத்த முடியவில்லை. கதவு உள்பக்கம் திறந்தது, நாற்காலி குறுக்கே நின்றது. இவ்வளவு உழைத்தவர்களிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கித்தான் சொன்னேன். யாரும் முகம் சுளிக்கவில்லை. தச்சர் அண்ணன் அன்று மாலையே கீலை மாற்றி வெளிப்பக்கம் திறக்க வைத்துவிட்டார்.

"மாற்றுத்திறனாளி" என்ற மரியாதையான சொல் எங்களுக்கு 2010 வாக்கில் கிடைத்தது. 2016இல் எங்கள் உரிமைகளுக்கான சட்டம் வந்தது. பழைய பொதுக் கட்டடங்களை ஐந்து ஆண்டுக்குள் எல்லோரும் புழங்கும்படி மாற்றவேண்டும் என்று அதில் இருக்கிறது. விதிகள் வந்தது 2017இல், அந்தக் கணக்குப்படி கெடு 2022இல் முடிந்தது. இந்தப் பூங்காவுக்காக நாங்கள் கொடுத்த மனுக்கள் எந்த மேசையில் தூங்குகின்றனவோ தெரியாது. நீங்கள் ஒன்பது ஞாயிற்றுக்கிழமைகளில் முடித்துவிட்டீர்கள். எங்களுக்கே ஆச்சரியம்.

ஞாயிறுதோறும் கட்டஞ்சாயாவும் வர்க்கியும் அனுப்பிய பேக்கரிக்காரர், அவரைக்குழம்பும் சோறும் கொண்டுவந்த பக்கத்து ஹட்டி (படுகர் ஊர்) அம்மாக்கள், பிக்கப்பில் ஜல்லி ஏற்றிவந்து டீசல் காசைக்கூட மறுத்தவர், எல்லோரும் இந்தக் கடிதத்தில் சேர்த்திதான்.

வேலை முடிந்த மறுவாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, கடையைச் சாத்திவிட்டு யாரிடமும் சொல்லாமல் போனேன். ஸ்கூட்டரை வெளியே நிறுத்தி, நாற்காலிக்கு மாறி, கொக்கியை நானே திறந்தேன். இரண்டாவது மடக்கில் மூச்சு வாங்கியது, நின்றேன். சோலைக்குள் நீலகிரிச் சிரிப்பான் குருவி கத்திக்கொண்டிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் பெயர் தெரியாத ஒரு வெள்ளைப்பூ. அதைக் கால் மணி நேரம் பார்த்தேன். யாருக்கும் தோள் வலிக்கவில்லை.

போன சனிக்கிழமை பார்வையற்ற பிள்ளைகள் சிலர் வந்திருந்தார்கள். இடுப்புயரப் பாத்தியில் நீங்கள் நட்ட ரோஸ்மேரியையும் ஜெரேனியத்தையும் கசக்கி மோந்து பார்த்து ஒரே கும்மாளம். ஒரு பையனுக்கு மட்டும் அதிலெல்லாம் மனம் போகவில்லை. கான்கிரீட் போட்ட அன்று ராத்திரி காட்டெருமை மிதித்துப் போனதே, பூசிவிடலாம் என்று மேஸ்திரி சொன்னதற்கு நீங்கள் எல்லோரும் வேண்டாம் என்று கத்தினீர்களே, அந்தக் குளம்புத் தடத்தைக் கண்டுபிடித்துவிட்டான். தரையில் உட்கார்ந்து உள்ளங்கையை அதற்குள் வைத்து அளந்தான். "அண்ணா, இவ்வளவு பெருசா?" என்றான். அடுத்த தடம் எங்கே இருக்கிறது என்று கேட்டான். காட்டினேன். அதற்கடுத்ததையும் கேட்டான்.

இன்னொரு விஷயம். வேலையில் உங்களில் நிறையப் பேருக்குச் சட்டை கிழிந்தது, பொத்தான் தெறித்தது. கடைக்கு எடுத்து வாருங்கள். கூலி பேசினால் துணியைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

அன்புடன்,
சேர் அண்ணன்
கோத்தகிரி