மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உதவிய அக்காவுக்கு

ஃபோட்டோஸ்டாட் கடையில் என் எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு) முடிவை எட்டிப் பார்த்துவிட்டு, "பி.டி.பி.டி.என். (அரசு உயர்கல்வி நிதி) திருப்பிக் கட்ட வேண்டிய கடன்தான் தங்கச்சி, முதல்ல உபகாரச் சம்பளத்தைப் பாரு" என்ற அக்காவுக்கு நன்றி.

ஜே.பி.ஏ. (அரசுப் பொதுச் சேவைத் துறை), மத்திய வங்கியான பேங்க் நெகாரா, எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸ் தரும் உபகாரச் சம்பளங்கள் எல்லாம் சொன்னார். அமெரிக்காவின் ஹார்வர்ட், எம்.ஐ.டி. பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவர் பண உதவி கேட்டாலும் சேர்க்கை பாதிக்காதாம். அங்கே மதிப்பெண்ணுக்கு அல்ல, குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் உதவியாம். தோட்டத்துப் பிள்ளைக்கு இதையெல்லாம் யார் சொல்கிறார்கள்?

செம்பனை வெட்டும் அப்பாவின் சம்பளச் சீட்டுகளை மாதவாரியாக அடுக்கி, கிழிந்த ஓரத்துக்குச் செலோட்டேப்பும் ஒட்டித் தந்தார். இப்போது ஓரிடத்தில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

பெயர் கேட்பதற்குள் ஈப்போ பஸ் வந்துவிட்டது. தெரிந்தவர்கள் இதை அவரிடம் காட்டுங்கள். நகல் எடுத்த காசையும் அவரே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.