நாயின் பெயர் இருக்கிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இதழில் வந்த, இலங்கை மலைநாட்டுத் தோட்ட முன்னோடிகள் பற்றிய கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் ஆசையோடு. இரண்டாம் தரம், நான்தான் ஏதோ பிழையாக வாசித்துவிட்டேனோ என்ற சந்தேகத்தில். தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர்களின் பெயர் விவரங்கள் பேணப்படவில்லை, அவர்களின் சந்ததியினரும் அதைத் தேடுவதில் அக்கறை காட்டியதாகத் தெரியவில்லை என்று அதில் ஒரு வரி. பக்கத்தில் ஒரு பழைய படம். பங்களா வாசலில் துரை உட்கார்ந்திருக்கிறார், காலடியில் நாய், பின்னால் ஆறு பேர் நிற்கிறார்கள். படத்தின் கீழே துரையின் பெயர் இருக்கிறது. நாயின் பெயரும் இருக்கிறது. ஆறு பேரும் 'பணியாளர்கள்'.

அக்கறை காட்டவில்லையாம். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் இந்தியாவிலிருந்து வந்த எங்கள் தோட்டத்து ஆட்களிடம் என்ன கேட்டது என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அப்பா இந்த நாட்டில் பிறந்ததற்கு அத்தாட்சி கொண்டு வா, அது இல்லையென்றால் தாத்தாவும் பூட்டனும் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கொண்டு வா. விடிகாலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பிரட்டுக்குப் போய், பொழுது சாயும் வரை கொழுந்து எடுக்கிற சனத்தை வம்சாவளி ஆராய்ச்சிக்கு அனுப்பிய அரசாங்கம் இது. தேடிக் கிடைக்காதவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். கட்டுரையாளருக்குத் தேடல் ஒரு பொழுதுபோக்காக இருக்கலாம்.

என் தாத்தா தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்தவர். அவரிடம் மூன்று கடதாசிகள் இருந்தன. பிறப்புப் பதிவில் முத்தையா, தோட்டத்து வேலைப் பேரேடான செக்ரோலில் முத்து, பிரஜாவுரிமை விண்ணப்பத்தில் முட்டையா. ஆங்கிலத்தில் எழுதிய கிளார்க் ஐயா ஒரு 'எச்' எழுத்தை மிச்சம் பிடித்ததில் வந்தது அந்த மூன்றாவது பெயர். விசாரணையில் மூன்று பேரும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கச் சொன்னார்களாம். அந்த ஆள் அவர்களுக்கு எதிரேதான் நின்றுகொண்டிருந்தார். விண்ணப்பம் தள்ளுபடி.

அப்புறம் 1964. இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேர் அந்தப் பக்கம் இந்தியாவுக்கு, 300,000 பேர் இந்தப் பக்கம், மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பாகம் பிரித்தார்களே, அந்தக் கணக்கில் பெரிய அத்தை அந்தப் பக்கம் விழுந்தார், அப்பா இந்தப் பக்கம். அத்தையோடு தலைமன்னாரில் கப்பல் ஏறியது பாட்டியின் தகரப் பெட்டி. கடதாசிகள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன.

'பேணப்படவில்லை' என்று எழுதுவது சுலபம், இந்த வருஷம் மழை பெய்யவில்லை என்பது மாதிரி. பேண வேண்டியவர் என்று ஒருவர் இருந்தாரா இல்லையா? ஓய்வு பெற்ற பிறகு நானே ஒரு தோட்டத்து ஆபீசுக்குப் போய்ப் பழைய செக்ரோல் கேட்டேன். அடுப்புப் பற்றவைக்க எடுத்துவிட்டார்கள் என்று சிரித்தபடியே சொன்னார்கள். கெஞ்சியதில் அலுமாரிக்கு அடியிலிருந்து ஒரு புத்தகம் வந்தது, பாதி கறையான். பென்சிலில் எழுதியிருந்தது: ராமசாமி 1, ராமசாமி 2, ராமசாமி 3. பெயர் இருந்திருக்கிறது ஐயா. ஒருநாள் பேர் விழாவிட்டால் அந்த நாள் சம்பளம் இல்லை என்கிற இடத்தில் பெயர் எழுதாமலா இருந்திருப்பார்கள்?

எனக்கு வழி காட்டியது கோயில் மணி. எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில், புளி போட்டுத் தேய்த்தபோது எழுத்து தெரிந்தது. உபயம் செய்த பெரிய கங்காணியின் பெயர், தமிழ்நாட்டில் முசிறிப் பக்கத்து ஊர் ஒன்று, விய வருஷம். அறுபது வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற விய, 1886ஆ 1946ஆ? தான் பிறப்பதற்கு முன்பே அந்த மணி அடித்துக்கொண்டிருந்ததாகப் பாட்டி சொல்வார், எனவே 1886. கங்காணிமார் பெரும்பாலும் சொந்த ஊரிலிருந்தும் சொந்தபந்தத்திலிருந்தும்தான் தோட்ட வேலைக்கு ஆள் கட்டினார்கள். பாட்டி கும்பிட்ட குலதெய்வத்தின் பெயரை வைத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போனேன். கோயில் திண்ணையில் இருந்த பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கண்டிச் சீமைக்குப் போன வகையறாவா?" என்றார். அதற்கு மேல் அங்கே எதையும் நான் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை.

ஸ்கொட்லாந்துக்காரர் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் கண்டிப் பக்கத்து லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார், சரி. மறுக்கவில்லை. அந்தக் காட்டை அவர் ஒற்றை ஆளாகவா வெட்டினார்? அவருக்குக் கண்டி மஹய்யாவவில் கல்லறை இருக்கிறது. அதற்கு முன்பே கோப்பித் தோட்டங்களுக்காக மன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து, வழியில் காய்ச்சலிலும் பேதியிலும் விழுந்தவர்களுக்கு ஒரு கல்கூட இல்லை. 2023இல், எங்கள் ஆட்கள் வந்த இருநூறாவது ஆண்டு நினைவாக அதே வழியில் நடந்தார்களே, அதைப் பற்றி நான் எழுதிய இரண்டு பக்கக் கடிதத்தை நீங்கள் நான்கு வரியாக்கிப் பிரசுரித்தீர்கள். என் பெயரிலும் ஓர் எழுத்தை விட்டுவிட்டீர்கள். எங்களுக்கு அது பழகிய விஷயம்.

ஒரு சின்ன வேண்டுகோள். அந்தப் படத்தின் வலது ஓரத்தில் ஏழாவதாக ஓர் ஆளின் தோளும் கையும் மட்டும் தெரிகின்றன. இடம் போதாமல் நீங்கள் வெட்டியிருக்கலாம். அடுத்த இதழில் படத்தை வெட்டாமல், கொஞ்சம் பெரிதாக, எந்தத் தோட்டம், எந்த வருஷம், யாரிடம் கிடைத்தது என்ற விவரத்தோடு போடுங்கள். எண்பது, தொண்ணூறு வயதில் இன்னும் சிலர் லயங்களில் இருக்கிறார்கள். முகத்தைப் பார்த்து யாராவது சொல்லக்கூடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியர்,
நுவரெலியா மாவட்டம்

பி.கு.: அந்த இதழில் ஒரு பிரதி அனுப்புவதாக இருந்தால் தயவுசெய்து லய விலாசத்துக்கு அனுப்ப வேண்டாம். எங்களுக்கு வரும் தபால் இன்றைக்கும் தோட்ட ஆபீசில்தான் இறங்குகிறது, எப்போது கைக்கு வரும் என்பது அவர்கள் இஷ்டம். டவுனில் இருக்கும் மகளின் விலாசத்தை உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன்.