சான்றிதழ் கையில் இருக்கிறது, மேற்கோளைச் சரிபார்க்கத் தெரியவில்லை

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஏஐ-யும் ஆய்வுத் திறனும் கற்றுத்தரும் இணையவழிப் படிப்புகள் பற்றி உங்கள் கல்விப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஒரு பல்கலைக்கழக நூலகத்தில், ஆய்வு மாணவர்களுக்கு உதவும் மேசையில் 19 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். அந்தப் படிப்புகளை முடித்தவர்கள் ஆய்வேட்டோடு முதலில் வந்து நிற்பது என் மேசை முன்னால்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

போன பருவத்தில் முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் வந்தார். இளைஞர்களின் தூக்கமும் இரவு நேரக் கைபேசிப் பயன்பாடும் அவருடைய தலைப்பு. இரண்டு கட்டுரைகள் எங்கே தேடியும் கிடைக்கவில்லை, வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தர முடியுமா என்று கேட்டார். டிஓஐ எண் (ஆய்வுக் கட்டுரைக்கு இணையத்தில் தரப்படும் தனி அடையாள எண்) இருக்கிறதே, அதைப் போட்டாலே வந்துவிடுமே என்று நானே தட்டிப் பார்த்தேன். திறந்த பக்கத்தில் இருந்தது மண்ணில் வளரும் பூஞ்சைகள் பற்றிய கட்டுரை. இரண்டாவது எண்ணைப் போட்டேன், அப்படி ஒரு எண்ணே பதிவாகவில்லை என்று வந்தது.

சரி, முழுப் பட்டியலையும் பார்த்துவிடலாம் என்று இருவரும் உட்கார்ந்தோம். மொத்தம் 31 மேற்கோள்கள். முடிக்க இரண்டு மாலைகள் ஆயின. 18 சரியாக இருந்தன. 9 கட்டுரைகள் உலகத்திலேயே இல்லை. மீதி 4 கட்டுரைகள் இருந்தன, ஆனால் மாணவி எழுதியிருந்ததை அவை சொல்லவில்லை. அதில் ஒன்றை மறக்க முடியவில்லை. “இரவில் கைபேசியை விலக்கி வைத்தவர்களின் தூக்கம் கூடியது என்று நிறுவப்பட்டுள்ளது” என்பது ஆய்வேட்டில் இருந்த வரி. கட்டுரையைத் திறந்தால், இரண்டு குழுக்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று சுருக்கத்தின் கடைசி வரியிலேயே எழுதியிருக்கிறது.

“மேடம், ஆன்லைன் கோர்ஸில் சொல்லிக்கொடுத்த மாதிரியேதான் ஏஐ-யிடம் கேட்டேன். ஆசிரியர் பெயர், வருஷம், பக்க எண் எல்லாம் கொடுத்தது. பொய்யாக இருக்கும் என்று எப்படி நினைப்பேன்?” என்று கேட்டபோது அவர் கண் கலங்கிவிட்டது. அவர் சோம்பேறி இல்லை, ஏமாற்றுக்காரரும் இல்லை. சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்தவர்.

அப்புறம் அதே படிப்பில் நானும் சேர்ந்து பார்த்தேன். எட்டு மணி நேரக் காணொளி. ப்ராம்ப்ட், அதாவது ஏஐ-க்குத் தரும் கட்டளை, எழுதுவது எப்படி, நீளமான கட்டுரையைச் சுருக்கச் சொல்வது எப்படி, இலக்கிய மீளாய்வை, அதாவது தலைப்பில் ஏற்கெனவே வந்த ஆய்வுகளின் தொகுப்பை, நிமிடங்களில் முடிப்பது எப்படி என்று அழகாகவே சொல்கிறார்கள். “ஏஐ சில நேரம் தவறு செய்யும், சரிபார்த்துக்கொள்ளுங்கள்” என்று ஒரே ஒரு இடத்தில் ஒரு வரி வருகிறது. எப்படிச் சரிபார்ப்பது என்று எங்கேயும் செய்து காட்டவில்லை. கடைசித் தேர்வு முழுக்கச் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். ஒரு ஆய்வுக் கட்டுரையைக்கூடத் திறக்காமல் தேர்ச்சி பெற்றுவிட்டேன், சான்றிதழும் உடனே வந்துவிட்டது.

ஏஐ ஏன் இப்படிச் செய்கிறது என்பதை முதல் பாடத்திலேயே மாணவனுக்குச் சொல்ல வேண்டும். அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக் கணித்து எழுதுவதுதான் இந்த மொழி மாதிரிகளின் அடிப்படை. ஒரு மேற்கோள் எந்த வடிவத்தில் இருக்கும் என்பது அவற்றுக்கு நன்றாகப் பழக்கம். அதனால் அந்தத் துறையில் நிஜமாகவே எழுதுகிற ஒருவரின் பெயரையும், நிஜமான ஆய்விதழின் பெயரையும், பொருத்தமான ஒரு தலைப்பையும் கோத்துக் கொடுத்துவிடும். பார்க்க அசல் போலவே இருக்கும். அனுபவமுள்ளவர்களே இதில் மாட்டியிருக்கிறார்கள். 2023-இல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள், சாட்ஜிபிடி தந்த இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டி மனு போட்டு, கூட்டாட்சி நீதிமன்றத்தில் 5,000 டாலர் அபராதம் கட்ட வேண்டியதாயிற்று.

இப்போதைய கருவிகள் இணையத்தில் தேடி, இணைப்போடு பதில் தருகின்றனவே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான், இல்லாத கட்டுரைகளைக் காட்டுவது அதனால் குறையும். ஆனால் அந்த 4 கட்டுரைகள் மாதிரியானவை? இணைப்பு சரியாக இருக்கும், கட்டுரையும் இருக்கும், அதில் சொல்லியிருப்பது மட்டும் வேறாக இருக்கும். இதைக் கண்டுபிடிக்க, கட்டுரையைத் திறந்து படிப்பதைத் தவிர வேறு வழியே கிடையாது. எனக்கு அந்த 9-ஐ விட இந்த 4-தான் பெரிய கவலை.

இன்னொன்றும் உண்டு. கட்டுரை நிஜமாகவே இருந்தாலும், அதை இதழே பிறகு திரும்பப் பெற்றிருக்கலாம். தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சுப் போட்டு 1998-இல் லான்செட் இதழில் வந்த கட்டுரையை, அந்த இதழே 2010-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஒரு கட்டுரை இப்படித் திரும்பப் பெறப்பட்டதா என்று பார்க்கத் தனித் தரவுத்தளமே இருக்கிறது, யாரும் இலவசமாகத் தேடலாம். அதில் தேட இரண்டு நிமிடம்கூட ஆகாது. நான் பார்த்த எட்டு மணி நேரத்தில் அந்த இரண்டு நிமிடத்துக்கு இடமில்லை.

இணையவழிப் படிப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2011-இல் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர்கள் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை இணையத்தில் இலவசமாகத் திறந்தபோது சுமார் 1,60,000 பேர் பதிவு செய்தார்கள். வீட்டுப்பாடம், தேர்வு எல்லாம் எழுதிக் கடைசி வரை வந்தவர்கள் 20,000 பேருக்கு மேல். எந்த வகுப்பறைக்குள் இத்தனை பேரை உட்கார வைக்க முடியும்? ஹெல்சின்கி பல்கலைக்கழகம் 2018-இல் தொடங்கிய இலவசப் படிப்பு, நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கும் அடிப்படையைப் புரியவைக்கிறது. என் மேசைக்கு வருபவர்களிலும், கட்டுரையின் கடினமான பத்தியை ஏஐ-யிடம் எளிமையாக விளக்கச் சொல்லிக் கேட்டு, பிறகு மூலத்தோடு ஒப்பிட்டுப் படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். தேடலுக்கு வேறு என்னென்ன சொற்களைப் போட்டுப் பார்க்கலாம் என்று அதனிடம் கேட்பவர்களும் உண்டு. அவர்களைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது.

நான் கேட்பது கடைசித் தேர்வை மாற்றச் சொல்லி. ஏஐ எழுதிய ஒரு பக்கத்தை 10 மேற்கோள்களோடு மாணவன் கையில் கொடுங்கள். எது இருக்கிறது, எது இல்லை, இருப்பது உண்மையில் என்ன சொல்கிறது, திரும்பப் பெறப்பட்டதா என்று அவனே தேடி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுதட்டும். அதை ஒரு மனிதர் படித்து மதிப்பெண் போட வேண்டும். ஆயிரக்கணக்கான பேர் படிக்கும் படிப்பில் இது சிரமம் என்பார்கள். மாணவர்களே ஒருவர் விடையை ஒருவர் திருத்தும் முறை இந்தப் படிப்புகளில் ஏற்கெனவே இருக்கிறது, அதைப் பயன்படுத்தலாம். நூலகர்களையும் சேர்த்துக்கொள்ளலாம், நாங்கள் தினமும் செய்யும் வேலைதான் இது. இந்தப் படிப்புகளுக்குக் கிரெடிட் தரும் பல்கலைக்கழகங்கள், இப்படி ஒரு தேர்வு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தரட்டும்.

அந்த மாணவி அத்தியாயத்தைத் திருத்தி எழுதி, ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டார். அந்த 31 மேற்கோள்களின் பட்டியலை, அவருடைய அனுமதியோடு பெயரை நீக்கி வைத்திருக்கிறேன். பாடம் தயாரிப்பவர்கள் யாராவது பயிற்சிக்குக் கேட்டால் உடனே தருகிறேன்.

இப்படிக்கு,
பல்கலைக்கழக நூலகர் ஒருவர்