கல்லடியில் இருக்கும் தம்பிக்கு, பன்னிரண்டு மீற்றர் வயரைப் பற்றி

ஸ்காபறோ, கனடா
தை 12

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் முழங்கால் நோவு குறைந்திருக்கிறது என்ற வரியை இரண்டு தரம் வாசித்தேன். இங்கே வெளியில் பூச்சியத்துக்குக் கீழே 18 பாகை. நிலக்கீழ் அறையின் சிறிய யன்னலைப் பனி மூடிவிட்டதால் பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டே எழுதுகிறேன்.

கேட்கவும் பேசவும் கூடிய உன் வானொலிப் பெட்டியில் மற்றவர்கள் பேசுவது நன்றாகக் கேட்கிறது, நீ மைக்கை அழுத்திப் பேசத் தொடங்கியதும் அது அணைந்துவிடுகிறது, ஆகவே புதுப் பற்றரி வாங்கப் பணம் வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். பணம் அனுப்புவதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் பற்றரியில் குற்றம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. கீழே விறாந்தையில் பற்றரியும் மேல்மாடியில் வானொலியும் இருக்க, இடையில் வீட்டு வயரிங்கில் மிஞ்சிய 2.5 சதுர மில்லிமீற்றர் வயரை 6 மீற்றருக்கு இழுத்திருக்கிறாய் என்று நீயே எழுதியிருக்கிறாய். குற்றம் அங்கேதான்.

மின்னோட்டம் சிவப்பு வயரில் போய்க் கறுப்பு வயரில் திரும்புவதால், உன் 6 மீற்றர் உண்மையில் 12 மீற்றர். அந்தத் தடிப்புள்ள செம்பு வயருக்கு மீற்றருக்கு ஏறத்தாழ 0.0074 ஓம் தடை. 12 மீற்றருக்கு 0.09 ஓம். கேட்கும்போது வானொலி ஓர் அம்பியர் அளவில்தான் எடுக்கும் என்பதால் இழப்பு 0.1 வோல்ற்கூட இல்லை. 100 வாற்றில் பேசும்போதோ 20 அம்பியர் வரை இழுக்கும்; அப்போது வழியிலேயே 1.8 வோல்ற் போய்விடும். பாரத்தில், அதாவது அவ்வளவு மின்னோட்டத்தை இழுக்கும்போது, 12.3 வோல்ற் தரும் நல்ல பற்றரியிலிருந்து வானொலிக்கு 10.5 தான் வந்து சேரும். 13.8 வோல்ற்றுக்கு இருபுறமும் 15 வீதம் வரை தாங்கும் என்பதே இவ்வகை வானொலிகளின் வழக்கமான எல்லை, அதாவது 11.7-க்குக் கீழே போனால் அது அணைவதில் வியப்பில்லை.

நான் இப்போது ஒன்ராறியோ ஏரிக்கரையில் படகுகளுக்கு மின்வேலை செய்யும் பட்டறையொன்றில் இருப்பது உனக்குத் தெரியும். அங்கே வழிகாட்டி விளக்கு போன்ற முக்கிய சுற்றுகளில் 3 வீதத்துக்கு மேல் அழுத்த வீழ்ச்சி (வழியில் இழக்கும் வோல்ற்) இருக்கக்கூடாது என்பது கணக்கு. 12 வோல்ற்றில் அது 0.36 வோல்ற் மட்டுமே. முதலில் இது மிகையான கண்டிப்பாகத் தோன்றியது. பிறகு என் சொந்த வானொலியிலேயே அதன் நியாயத்தைக் கண்டேன். வந்த முதல் குளிர்காலத்தில் மலிவாகக் கிடைத்த தடித்த வயரை வாங்கிப் பூட்டினேன். பேசும்போது குரல் உடைந்து கேட்கிறது என்று மறுமுனையில் இருந்தவர்கள் சொன்னார்கள். ஒருநாள் இழையொன்றைப் பிளேட்டால் சுரண்டிப் பார்த்தபோது செம்பு நிறம் மேற்பூச்சாக உரிந்து, உள்ளே வெள்ளை அலுமினியம் தெரிந்தது. அதன் தடை செம்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. நீயும் கடையிலேயே ஓர் இழையைச் சுரண்டிப் பார்த்து வாங்கு.

படகு வேலையில் வெள்ளீயம் பூசிய செம்பு வயரைத்தான் போடுகிறோம். உப்பே இல்லாத இந்த ஏரிக்கு இவ்வளவு கவனம் என்றால், வாடைக்காற்றோடு உப்பு வந்து படியும் கடலோரக் கல்லடிக்கு எவ்வளவு வேண்டும்! சாதாரண செம்பு பச்சை பூத்தால் அந்த மூட்டிலேயே தடை ஏறிவிடும். ஆகவே முறுக்கி ரேப் சுற்றிய மூட்டுகளை எல்லாம் வெட்டி எறி. நுனிக்கு ஏற்ற அளவான லக்ஸை (வயர் நுனியில் பூட்டும் உலோக முனைகளை) அதற்குரிய கருவியால் நசுக்கிப் பொருத்தி, மேலே சூட்டில் சுருங்கும் குழாயைப் போடு. பற்றரி முனைகளைத் துலக்கி கிறீஸ் தடவு.

தடித்த வயர் வாங்குவதைவிட நல்ல வழி, தூரத்தைக் குறைப்பதுதான். பற்றரியை மேலே கொண்டுபோய், வானொலியிலிருந்து 2 மீற்றருக்குள் வை. 6 சதுர மில்லிமீற்றர் செம்பு வயர் போட்டால் இழப்பு 0.3 வோல்ற்றைத் தாண்டாது. சார்ஜரையும் அங்கேயே வைத்து, 230 வோல்ற் வயரை நீளமாக இழு. அதே வலுவுக்கு அதில் ஓர் அம்பியரைச் சற்றுத் தாண்டித்தான் ஓடும் என்பதால் நீளம் ஒரு பொருட்டல்ல. சார்ஜ் ஆகும்போது ஈயப் பற்றரியிலிருந்து ஐதரசன் வாயு வெளியேறும். அதனால் காற்றோட்டமுள்ள யன்னலடியில்தான் அது இருக்கவேண்டும், நீ படுக்கும் அறையில் கூடவே கூடாது. 30 அம்பியர் உருகியை (பியூஸ்) பற்றரியின் நேர்முனைக்கு அருகிலேயே பூட்டு. வயர் எங்காவது உரசிக் குறுக்குச் சுற்றானால், தீயைத் தடுக்கப்போவது அதுதான்.

1978 சூறாவளிக்குப் பிறகு வெளியூர்ச் செய்தி ஒன்றும் தெரியாமல் இருந்த நாட்களைப் பற்றி அப்பா சொல்வாரே, நினைவிருக்கிறதா? மின்சாரம் போன நாளில் வேலை செய்யவேண்டிய பெட்டி உன் வானொலி. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பணத்தை அனுப்புமுன் எனக்கு மூன்று அளவுகள் வேண்டும். அன்ரெனாவுக்குப் பதிலாக டம்மி லோட்டை (அலையை வெளியே பரப்பாமல் வெப்பமாக்கிவிடும் தடையை) பூட்டி, மின்னோட்டம் ஒரே சீராக இழுக்கப்படும் எஃப்.எம்மில் மைக்கை அழுத்தியபடி மல்ரிமீற்றரால் பார்: பற்றரி முனைகளில் எவ்வளவு, வானொலியின் பின்புறத்தில் எவ்வளவு, உருகியின் இரு பக்கங்களுக்கும் இடையில் எவ்வளவு. அழுத்தாமல் எடுத்த அளவு எதற்கும் உதவாது. அவற்றைக் குறித்து அடுத்த கடிதத்தில் எழுது.

அம்மாவை வெந்நீர் ஒத்தடத்தை விடவேண்டாம் என்று சொல்.

அன்புடன்,
அக்கா